உரமூட்டைத் தையல் போட்ட சந்திரிகா

கோல சிலாங்கூரிலிருந்து சபாக் போகிற ரோட்டில் எங்கள் எட்டாங்கட்டைத் தோட்டம். அங்கே வந்து சந்திரிகா வீடு எது என்று கேட்டால் எல்லாரும் முழிப்பார்கள். 'வேஷம் சந்திரிகா' என்று கேட்டால் லயத்து வரிசைவீட்டு நாய்கூட முன்னால் ஓடி வழிகாட்டும்.

காலையில் செம்பனை மரத்துக்கு உரம் போடுகிற வேலை. சாயங்காலம் ஆனால் கடைசி வீட்டில் கால்மிஷின் கடகடவென்று ஓடும். சுற்றுவட்டாரத்தில் எந்தத் தோட்டத்துக் கோயிலில் நாடகம் போட்டாலும் ராஜாவுக்கு அங்கி, ராட்சசனுக்குத் தொப்பை, தேவகன்னிக்குச் சிறகு எல்லாம் அவள் கைவேலைதான். பிஸ்கட் டின் கிரீடமாகும். கிழிந்த கொசுவலை தேவலோகமாகும். ஒருமுறை அவள் சணல் வைத்துச் செய்த சிங்கத்தைப் பார்த்து, கோயில் பக்கம் கட்டியிருந்த மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, மறுநாள்தான் அகப்பட்டது. அதைவிடப் பெரிய பாராட்டு அவளுக்கு யாரும் கொடுத்ததில்லை. கூலி என்று எதுவும் கேட்கமாட்டாள். நாலு வடை, ஒரு மாலை, மைக்கில் பேர் சொல்வார்கள். அந்தப் பேரையும் பாதி நேரம் சந்திரன் என்று சொல்லிவிடுவார்கள்.

இவ்வளவு கைத்திறமை இருந்தும், நல்லநாளுக்கு ஒரு ரவிக்கை தைக்க யாரும் அவளிடம் துணி கொடுக்கமாட்டார்கள்.

"அவ தையல் பாட்டு முடியுற வரைக்கும்தான் நிக்கும். கல்யாணத்துக்குப் போட்டுட்டுப் போயி, தாலி கட்டுற நேரத்துல கை தனியா கழண்டு வந்துச்சுன்னா?" என்பாள் என் பக்கத்து வீட்டு லீலாவதி.

சந்திரிகா சிரித்துக்கொள்வாள். ஆனால் அவள் மனதில் ஒரு ஆசை இருந்தது எனக்குத் தெரியும். கோயில் குழாயடியில் ஒருநாள் சொன்னாள். "எனக்கு டுயிட்டு காசெல்லாம் பெருசில்லக்கா. என்னை ஒருத்தராவது வேஷம்னு கூப்பிடாம டீச்சர்னு கூப்பிடணும்."

அந்த வாய்ப்பு எண்பத்து நாலாம் வருஷம் வந்தது. கோல சிலாங்கூர் பஸ் நிலையத்துக்கு எதிரே துணிக்கடை வைத்திருந்த மெகராஜ் பேகம், கடை மாடியில் பெண்பிள்ளைகளுக்கு வகுப்பு ஆரம்பிக்கப் போவதாகச் சொன்னார். தையல் வகுப்பு என்று சொல்லமாட்டார். "தையல்னு போர்டு வச்சா ஒரு புள்ளையும் வராது. ஃபேஷன்னு வச்சா படிக்கட்டு தாங்காது" என்பது அவர் கணக்கு. சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறார் என்று தெரிந்ததும், திருவிழாவுக்குச் சரிகை வாங்கப் போன சந்திரிகா என்னையும் இழுத்துக்கொண்டு போய், கடையில் நின்று மென்று முழுங்கிக் கேட்டுவிட்டாள்.

பேகம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "வேஷம் தைக்கிறவதானே நீ? அந்தச் சிங்கம் உன் வேலைதானே?"

"ஆமா பேகம்மா."

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா உங்க தோட்டத்துப் பொம்பளைங்க எல்லாம் என் கடைக்குத்தான் வர்றாங்க புள்ள. உன் தையல் நிக்காதுன்னு ஒரே பேச்சா இருக்கே."

சந்திரிகாவுக்கு முகம் செத்துப்போனது. நான் லீலாவதியை மனதுக்குள் நாலு வார்த்தை திட்டினேன். அம்மன் மன்னிக்க வேண்டும்.

"சரி, அழுவாதே. உங்க திருவிழா நாடகத்துக்கு நானே வர்றேன். நாற்காலி போட்டு வை. உன் தையல் நின்னா, மாடி உனக்கு. நிக்கலன்னா, சரிகையை வாங்கிட்டு சந்தோஷமா போயிட்டு வா."

அந்த வருஷ நாடகத்தை எழுதியது என் வீட்டுக்காரர். முரட்டாசுரன் என்று ஒரு அசுரன், அவராகக் கற்பனை செய்தது. "என்னைவிட உயரமானவர் உண்டா?" என்று அவன் ஆணவமாகக் கேட்பான். அம்மன் அவன் கண்முன்னால் வளர்ந்து வளர்ந்து மரத்து உயரத்துக்கு நிற்பாள். அசுரன் மதம் அடங்கி விழுவான். எழுதுகிறவருக்கு என்ன, பேனாவில் 'அம்மன் வளர்கிறாள்' என்று ஒரே வரி. வளர்க்க வேண்டியவள் சந்திரிகா.

அவள் யோசனை இது. தோட்டத்து லைட் மாற்றுகிற பெரிய ஏணியை மேடை நடுவில் நிறுத்த வேண்டும். அம்மன் வேஷம் கட்டுகிற அழகேசன் இடுப்பில் ஒரு பெரிய பிரம்பு வளையம். வளையத்தைச் சுற்றிச் சேலைகளை இரண்டாக மடித்துத் தொங்கவிட்டு, ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைத்தால் பெரிய பாவாடை. முதலில் பாவாடை கீழே குவிந்து கிடக்கும், முன்னால் அட்டைப் பாறை மறைத்திருக்கும். அழகேசன் உள்ளேயே ஏணிப்படி ஏற ஏற, பாவாடையும் கூடவே ஏறும். பார்க்கிறவர்களுக்கு அம்மனே வளர்வது போலத் தெரியும்.

நல்ல யோசனைதான். ஆனால் அவ்வளவு சேலைக்கு எங்கே போவது? லயத்து வீடுகளில் இரவல் வாங்க வேண்டும். போன வருஷம் இப்படித்தான் திரைச்சீலைக்கு வாங்கி மிஷினில் அழுத்தமாகத் தைத்தாள். பிரிக்கும்போது ஐந்து சேலை கிழிந்துபோய், பொங்கல் வரைக்கும் குழாயடியில் சண்டை. இந்த முறை யாரும் கொடுக்கமாட்டோம் என்றார்கள். லேசாகத் தைத்தால் மேடையிலேயே பிரிந்து பேகம்மா முன்னால் மானம் போகும். அழுத்தித் தைத்தால் சேலை கிழியும். இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

வழி உரம் போடுகிற இடத்தில் கிடைத்தது. உரமூட்டையின் வாயைச் சங்கிலி சங்கிலியாகத் தைத்திருப்பார்கள் அல்லவா? ஐம்பது கிலோ மூட்டை, லோரியிலிருந்து தூக்கி வீசினாலும் பிரியாது. ஆனால் கடைசிக் கண்ணியை விடுவித்து நூலைப் பிடித்து இழுத்தால் சர்ரென்று ஒரே இழுப்பில் வாய் திறந்துவிடும். காலகாலமாக நாங்கள் எல்லாரும் இழுத்துக்கொண்டுதான் இருந்தோம். சந்திரிகாதான் இழுத்துவிட்டு அந்த நூலையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேலை வாங்குகிற மண்டோர் இரண்டு தரம் சத்தம் போட்டார், அவள் காதில் விழவில்லை.

அன்று சாயங்காலம் குழாயடியில் பெண்களைக் கூட்டி, இரண்டு பழைய துணியை ஊசியால் அப்படியே சங்கிலித் தையல் போட்டுக் காட்டினாள். கடைசிக் கண்ணி நழுவாமல் இருக்க ஒரு ஊக்கு. "இழுத்துப் பாருங்க" என்றாள். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பேர் நின்று தேர்க்கயிறு மாதிரி இழுத்தார்கள். நின்றது. "இப்ப ஊக்கைக் கழட்டி, இந்த நூலை மட்டும் பிடிச்சு இழுங்க." சர்ரென்று வந்தது. துணியில் கீறல் இல்லை.

"நாடகம் முடிஞ்சதும் நீயா பிரிச்சுத் தருவே?" என்றாள் லீலாவதி சந்தேகமாக.

"வேணாம். அவங்கவங்க சேலையை அவங்கவங்களே பிரிச்சுக்கலாம். நான் சொல்லித் தர்றேன்."

சொல்லித்தருவது என்றால் சும்மாவா? ஒருத்தி தப்பான முனையைப் பிடித்து இழுப்பாள். இன்னொருத்தி ஊக்கைக் கழற்றாமலேயே இழுத்துவிட்டு நூலைத் திட்டுவாள். சந்திரிகா கோபப்படாமல், ஒவ்வொருத்தி கையையும் பிடித்து, கண்ணி விழுகிற வரைக்கும் பழக்கினாள். கடைசியில் பதினைந்து வீட்டுச் சேலை சேர்ந்தது. தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி வீட்டு கங்காவும் மனது வைத்து, "நான் ஒரு செகப்புச் சேலை அனுப்புறேன், முன்னால வச்சுத் தைக்கணும்" என்று சொல்லி அனுப்பினாள்.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. திருவிழா மேடையில் ஏறுகிற துணி எதுவானாலும் மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துத்தான் ஏற வேண்டும். வீட்டில் புழங்கிய துணி, தீட்டு இருக்கலாம். எல்லாச் சேலையையும் நனைத்துக் கோயிலுக்குப் பின்னால் கயிறு கட்டிக் காயப்போட்டோம். அதே கயிற்றில், பூசாரி இராமையா அபிஷேகம் முடிந்த அம்மன் சேலையையும் அலசிக் காயப்போட்டிருக்கிறார். அது அவர் வழக்கம். கயிறு அவருடையது. யாருக்கும் தெரியாது.

சந்திரிகா வந்து எடுக்கும்போது, மஞ்சள் கரை போட்ட ஒரு செகப்புச் சேலை தொங்கியது. கங்கா சேலை வந்துவிட்டது என்று எடுத்து, நட்டநடுவில், முன்பக்கம் வைத்துத் தைத்தாள். கங்கா அனுப்பவே இல்லை. சொன்னாள், மறந்துவிட்டாள்.

நாடகம் சாயங்காலம் ஐந்தரைக்கு. பேகம்மா மகனுடைய காரில் வந்து இறங்கி, காப்பிக் கடைக்குப் பக்கத்தில் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். சந்திரிகா பக்கத்திரை ஓரத்தில் என்னோடு நின்றாள்.

முரட்டாசுரன் வேஷம் லோரி ஓட்டுகிற காளியண்ணனுக்கு. ஆள் ஒரு லோரி அகலம், குரல் ஹாரன் மாதிரி. "என்னைவிட உயரமானவர் உண்டா? இருந்தால் வரச்சொல்!" என்று மேடையை மிதித்தார். மேளம் தட்டியது. பாறைக்குப் பின்னால் அழகேசன் ஏற ஆரம்பித்தான்.

அதை எப்படிச் சொல்வது? பதினாறு சேலையும் சாயங்கால வெயிலில் ஒன்றாக எழும்பின. பச்சையும் நீலமும் மாம்பழ நிறமும், நடுவில் செகப்பு. அழகேசன் தலை மேடைக்கூரையைத் தொட்டது. சூலமும் கையுமாக மேலே அவன், கீழே ஒன்பது அடிக்குச் சேலை. தையல் ஒன்றுகூட விடவில்லை. கூட்டம் வாயைப் பிளந்தது. பேகம்மா நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். சந்திரிகா என் கையை இறுக்கினாள். "நின்னுச்சுக்கா! நின்னுச்சு!"

முன்வரிசையில் பெண்கள் அவரவர் சேலையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். "அந்தப் பச்சை என்னுது." "அந்தப் பூப்போட்டது எங்க வீட்டுது." கங்கா பொறுக்கமாட்டாமல் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "நடுவுல செகப்பா இருக்குல்ல, அது நம்பளோடதுதான். மெட்ராஸ்ல எங்கண்ணன் எடுத்துக் குடுத்தது லா."

அவள் வாய் மூடுவதற்குள் பூசாரி இராமையா மேளக்காரருக்குப் பக்கத்திலிருந்து துள்ளி எழுந்தார். "அடியாத்தீ! அது ஆத்தா சேலைடா! நேத்து ஆத்தா இடுப்புல இருந்த சேலைடா!"

எல்லாரும் கங்காவைப் பார்த்தார்கள். கங்கா குனிந்து தன் செருப்பைத் தேட ஆரம்பித்தாள். காலில்தான் இருந்தது.

அப்புறம் எல்லாமே ஒரே நேரத்தில் நடந்தது. மேளக்காரர் கை தானாக அருள் அடிக்கு மாறியது. பெண்கள் குலவை போட்டார்கள். முரட்டாசுரன், இன்னும் ஒரு பக்க வசனம் பாக்கி இருக்கும்போதே, கதையை எல்லாம் விட்டுவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, "தாயே, நான் காளியண்ணன், லோரி ஓட்டுறவன், வேஷம்தான் கட்டியிருக்கேன்!" என்று அழுதார். என் வீட்டுக்காரர் ஓரத்திலிருந்து, "எந்திரிங்க, வசனம் இருக்கு" என்று சொல்லிப் பார்த்தார். யார் எழுந்திரிப்பது?

மேலே அழகேசன் சூலத்தைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றான். கால் நடுங்கி ஏணி கடகடத்தது. கூட்டத்துக்கு அது அருள் வந்த ஆட்டம். கிழவிகள் முன்னால் வந்து கைகூப்பினார்கள். "ஆத்தா, எம்மவனுக்கு பெர்மனன் வேலை கெடைக்குமா?"

"கெடைக்கும்" என்றான் அழகேசன் பயத்தில்.

"எம்மவளுக்கு இந்த வருஷம் கல்யாணம் முடியுமா தாயீ?"

"முடியும், எல்லாம் முடியும். என்னை எறக்குங்க."

"ஆத்தா எறங்கணும்னு கேக்குது!" என்று ஒருத்தர் கத்த, இன்னும் பலமாகக் குலவை. எலுமிச்சம்பழம் வேறு பறந்து வந்தது. ஒன்று அவன் மூக்கில் பட்டது.

நான் பயந்து கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அழகேசனை அப்படியே இறக்கலாம் என்றால், அவன் இறங்க இறங்கப் பாவாடை கீழே குவியும். அம்மன் சேலை தரையில் விழுந்து அவன் காலடியில் மிதிபடும். இராமையா ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "ஆத்தா சேலை மண்ணுல படக்கூடாது. முதல்ல அதைத் தனியா பிரிச்சுத் தட்டுல எடுக்கணும். மத்ததையும் பிரிச்சாத்தான் இவன் கால் மாட்டாம எறங்க முடியும்" என்றார்.

பிரிக்க வேண்டும். பேகம்மா பார்க்கும்போதே, தைத்தது நின்றதா என்று பார்க்கவே வந்தவர் முன்னால், மேடையிலேயே.

"நாடகம் முடியட்டுமே பூசாரி ஐயா" என்றாள் சந்திரிகா.

"நீயே சொல்லும்மா. உன் கையால வந்தது."

அவள் ஒரு தரம் காப்பிக் கடைப் பக்கம் பார்த்தாள். அப்புறம் கருவறைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். நேராக மேடைக்கு ஏறினாள். செகப்புச் சேலையின் இரண்டு பக்கத்து ஊக்கையும் கழற்றினாள். சர். சர். வளையத்திலிருந்து சேலை வழுக்கி, ஒரு இழைகூடத் தரையில் படாமல், இராமையா நீட்டிய பித்தளைத் தட்டில் விழுந்தது. அப்புறம் கூட்டத்தைப் பார்த்து, மைக் இல்லாமலேயே சொன்னாள். "அக்கா, தங்கச்சி, எல்லாரும் வாங்க. ஊக்கைக் கழட்டுங்க. கடைசிக் கண்ணி. மெதுவா."

வந்தார்களே ஐயா! வரிசையாக ஏறி, ஆளுக்கொரு ஊக்கு, ஆளுக்கொரு நூல். சர், சர், சர் என்று மேடை முழுக்க உர ஸ்டோர் மாதிரி சத்தம். சண்டை இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. ஒருத்தி தடுமாறினால் பக்கத்தில் இருக்கிறவள், "அந்த முனை இல்லடி, இந்த முனை. அவ சொல்லிக் குடுத்தது மறந்துட்டியா?" என்று திருத்துகிறாள். கொஞ்ச நேரத்தில் அம்மன் மறைந்து, ஏணி தெரிந்தது. ஏணி மேலே கிரீடம், சூலம், மஞ்சள் பூசிய முகம், கீழே கால்பந்து அரைக்கால்சட்டையோடு அழகேசன்.

லீலாவதி சேலை ஒன்றுதான் பாக்கி. நூலைப் பிடித்தவள் மேலே பார்த்தாள். மனது கேட்கவில்லை போல. "என்னுது இருக்கட்டும். நீ சுத்திக்கிட்டு எறங்கு" என்றாள்.

கீழே இறங்கிய அழகேசன், இன்னும் குப்புறக் கிடந்த முரட்டாசுரனை மிதித்துவிடாமல் தாண்டி, நேராகக் கோயில் கக்கூஸுக்கு ஓடினான். அதுவரைக்கும் அவன் ஏன் இறக்கு இறக்கு என்று கெஞ்சினான் என்பது அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது. சிரித்த சிரிப்பில் என் வீட்டுக்காரர்கூட நாடகம் போன கவலையை மறந்துவிட்டார்.

சந்திரிகா மட்டும் சிரிக்கவில்லை. வெறும் பிரம்பு வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேடை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். பேகம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முதலில் பக்கத்தில் நின்ற ஒருத்தி கையில் இருந்த சேலையை வாங்கினார். மூக்குக்கண்ணாடியை இறக்கி, கரையோரமாக விரலை ஓட்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இன்னொருத்தி சேலையையும் அப்படியே பார்த்தார்.

"ஒரு ஓட்டை இல்லையே புள்ள. இதை எங்க கத்துக்கிட்டே?"

"உரமூட்டையில, பேகம்மா." அவள் கண் நிறைந்துவிட்டது. "நின்னாத்தான் மாடின்னு சொன்னீங்க. நிக்கல. நானே பிரிச்சுட்டேன்."

"நின்னதையும் பாத்தேன், பிரிஞ்சதையும் பாத்தேன். இங்க பாரு, வகுப்புக்கு வர்ற புள்ளைங்க யாரு துணியில பழகப்போவுது? என் துணியில. தப்பா தைக்கும். தச்சதைப் பிரிக்கும். பிரிச்சதை நான் திருப்பி அலமாரில வச்சு விக்கணும். இந்த மாதிரி பிரிக்கத் தெரிஞ்சவ எனக்கு எங்க கெடைப்பா?" பிறகு மேடையில் சேலை மடித்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அதோட, இவங்கள்ல பாதிப்பேர் என் கடைல விலை கேக்குறப்ப என்னையே பேச விடமாட்டாங்க. இவங்களைப் பூராவும் ஒரே பாடத்தைக் கேக்க வச்சிருக்கே. திங்கக்கெழமை வா."

இராமையா அன்றைக்கே விபூதி கொடுத்து, "ஆத்தா சேலை எங்கே போகணுமோ அங்கே போகும். அது தப்பு இல்லம்மா" என்றார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. கயிற்றில் அத்தனை சேலை தொங்கும்போது அந்தச் சேலை அவள் கைக்கு வந்ததென்றால், அனுப்பியது யார்?

அம்மன் சேலைக்கு இரண்டு பக்கமும் தைத்திருந்த சேலைக்காரிகள் இரண்டு பேருக்கும் அதற்குப் பிறகு தலைகால் புரியவில்லை. ஆத்தாவோடு ஒட்டியிருந்த சேலை என்று பெட்டியில் கற்பூரம் போட்டு வைத்துவிட்டார்கள். அடுத்த வருஷ நாடகத்துக்கு நான் நீ என்று சேலை வந்து குவிந்தது. கங்கா மூன்று அனுப்பினாள், மூன்றும் செகப்பு. அழகேசன் வீட்டு வாசலில் மட்டும் யாரோ எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டே இருந்தார்கள். அவன் அம்மா அதில் ஊறுகாய் போட்டாள்.

மாடி வகுப்புக்கு முதல் நாள் நானும் துணைக்குப் போனேன். 'ஃபேஷன்' என்று போர்டு மாட்டியிருந்தது. படிக்கட்டு தாங்கத்தான் தாங்கியது, ஒன்பது பேர்தான். அதில் முதல் பெஞ்சில் கங்கா. சந்திரிகா ஆளுக்கு இரண்டு துண்டுத் துணி கொடுத்து, சேர்த்துத் தைக்கச் சொன்னாள். தைத்து முடித்ததும், "இப்ப பிரிங்க" என்றாள்.

கங்கா நூலைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. மறுபடியும் இழுத்தாள். துணி சுருண்டது. சுற்றுமுற்றும் பார்த்தாள். யாராவது பார்க்கிறார்களா என்று வெட்கம். அப்புறம் மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், இது எந்த முனை?"

சந்திரிகா உடனே போகவில்லை. காதில் விழாதவள் மாதிரி சரிகைப் பெட்டியை மூடினாள், திறந்தாள்.

"டீச்சர்!" என்றாள் கங்கா இன்னும் பலமாக.

"வர்றேன் வர்றேன்" என்று சொல்லிக்கொண்டு போனாள்.